துருசுக் கை

பெரியவள் அன்றைக்கு விடிந்ததுமே ஆரம்பித்துவிட்டாள். தவசி காபித் தம்ளரைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். புதுசாக வந்தது கல்லுக்குப் பின்னாலிருந்து மூக்கை நீட்டியதுதான் தாமதம், பெரியவள் பாய்ந்துபோய் அதன் வாலைக் கடித்து உதறினாள். அது தண்ணீர் இழுக்கும் குழாயின் இடுக்கில் போய் ஒடுங்கியது. பெரியவளுடைய புருஷன், அவளில் பாதிகூட இருக்கமாட்டான், பின்னாலேயே வந்து ஒப்புக்கு ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்பினான்.

மூன்றும் மீன்கள். பெரியவள் கருஞ்சிவப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். அவளை விற்ற ஆள் கோமாளி என்று சொல்லித்தான் விற்றாராம், குணத்தைச் சொல்லவில்லை. தொட்டியின் நடுவில் கடல்சாமந்தி ஒன்று கல்லைப் பற்றிக்கொண்டு நின்றது. பூ மாதிரி இருக்குமே தவிர அதுவும் ஒரு உயிர்தான். விரல் விரலாக ஆடும் அதன் மடிதான் பெரியவளுக்கு வீடு. அந்த வீட்டிலிருந்து ஒரு முழத்துக்கு யார் வந்தாலும் கடிதான். புதுசு நீல உடம்பும் மஞ்சள் வாலுமாகக் கட்டைவிரல் நீளம் இருந்தது. மதுரையில் சிநேகிதன் ஒருவன் தொட்டியைக் கலைக்கிறான் என்று ஞாயிற்றுக்கிழமை வினோத்குமார் வாங்கி வந்து விட்டான். விட்டவன் மறுநாள் காலையில் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விட்டான்.

தவசிக்கு அறுபத்து மூன்று வயது. நாற்பது ஆடி மாதத்தை மலைமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலச்செடிகளுக்கு நடுவில் நனைந்தே கழித்தவர். பங்குனியில் முழங்காலில் ஆபரேஷன் ஆனது. மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், மகன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள, இவர் மகனுடைய மீனைப் பார்த்துக்கொள்ள என்று ஆகிவிட்டது. வினோத்குமார் ஆறு வருஷம் சென்னையில் மீன் தொட்டிக் கடையில் வேலை பார்த்தவன். அம்மா பெரியம்மாள் படுத்த படுக்கையானபோது பெண்டாட்டி ஈஸ்வரியோடு போடிக்கு வந்தான். வரும்போது முந்நூறு லிட்டர் பிடிக்கிற இந்தத் தொட்டியையும் லோடு வண்டியில் ஏற்றிவந்து, தெருப்பக்கத்து அறையில் சன்னலுக்கு நேராக நிறுத்தினான். கடல் பார்க்க ராமேஸ்வரம் போகவேண்டிய ஊரில் வீட்டுக்குள்ளேயே கடல் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். தவசிக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அது ரோஜாவின் அறை. ரோஜா வினோத்குமாருக்கு அக்கா. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் திருப்பூரில் கட்டிக்கொடுத்தது. பிள்ளை இல்லை. அவள் புருஷன் அதே காம்பவுண்டில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பையோடும் தையல் மிஷினோடும் வந்து இறங்கினாள். பை கூடத்தில் நாற்காலி மேல் இருந்தது. மிஷின் முன் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் தாள் போர்த்தி நின்றது. மெட்டிலிருந்து இறங்கும் காற்று தினம் ஒரு தடவை தாளைப் பிய்த்து எறியும். சாரல் அடிக்கும். அவள் ஓடிப்போய் முந்தானையால் துடைத்து மறுபடி கட்டுவாள். அந்தச் சன்னல் வெளிச்சம் கிடைத்தால் மிஷினைப் போட்டு, ஜாக்கெட் தைத்துப் பிழைத்துக்கொள்வாள். சன்னலில்தான் கடல் நின்றது.

அடுப்படியில் பேச்சு தடித்தது.

"மதினி, கருவாட்டுக்குத் தக்காளி போட்டீங்களாக்கும்?" இது ஈஸ்வரி.

"ஆமா, ரெண்டு போட்டேன். ஏன்?"

"மாமாவுக்குத் தக்காளி போட்டா நெஞ்சக் கரிக்கும்."

"எங்கப்பாவுக்கு எது ஒத்துக்கும்னு எனக்குத் தெரியாதா ஈஸ்வரி?"

"பதிமூணு வருசத்துக்கு முந்தித் தெரிஞ்சிருக்கும். இப்ப வடிச்சுக் கொட்டுறவளுக்குத்தான் தெரியும். உப்பு டப்பாவ வேற எங்கயோ மாத்தி வச்சிட்டீங்க. காலைலேர்ந்து தேடுறேன்."

"எங்கம்மா வச்ச எடத்துல வச்சேன்."

"ஒங்கம்மாவுக்குக் கஞ்சி ஊத்துனது நானு. அவுக எங்க வச்சாகன்னு எனக்குத் தெரியாதா?"

இந்த மாதிரி நேரங்களில் தவசிக்குப் பின்வாசலில் அவசரமாக ஒரு சோலி வந்துவிடும். பெரியம்மாள் இருந்த காலத்திலும் அப்படித்தான். வீட்டில் சத்தம் கேட்டால் அவருக்கு மலையில் வேலை இருக்கும். இப்போது மலை இல்லாததால் பின்வாசல். அவர் கோழையென்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். காட்டெருமையை எதிரே நின்று விரட்டிய ஆள். பொம்பளைகள் பேச்சில் ஆம்பளை நுழையக்கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அந்தச் சட்டம் அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

பின்வாசலில் துருசு மூட்டை இருந்தது. மயில் கழுத்து நிறத்தில் கண்ணாடிச் சில்லுபோல இருக்கும். அதையும் சுண்ணாம்பையும் கரைத்து, மழைக்காலத்தில் காய் அழுகாமல் இருக்கச் செடிக்கு அடிப்பார்கள். சாரலில் நனைந்துகொண்டு ஆட்கள் எடை போட முடியாது. அதனால் ஒரு டிரம்முக்கு ஒரு பொட்டலம் என்று தவசி இங்கேயே கட்டி ஜீப்பில் அனுப்பிவிடுவார். தராசு தேவையில்லை, அள்ளினால் கிலோதான். கையுறை போடச் சொல்லி வினோத்குமார் வாங்கிக் கொடுத்தது உறை பிரிக்காமல் ஆணியில் தொங்கியது. அவருடைய நகக்கண் ஆடி முழுக்க நீலமாகவே இருக்கும்.

ரோஜா கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தாள்.

"உப்புப் பாருங்கப்பா."

தவசி வாயைத் திறந்தார், அவள் கரண்டியால் ஊட்டினாள். "நல்லாருக்கு தாயி."

"தக்காளி கரிக்குதா?"

அவர் மூட்டையைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுத்துத்தான தெரியும்."

ரோஜா சிரிக்கவில்லை. "அப்பா, திருப்பூர்லேர்ந்து போன் வந்துச்சு. ஒரு கம்பெனியில ஆஸ்டலோட வேல இருக்காம். சனிக்கெழம சேரச் சொல்றாங்க. வெள்ளிக்கெழம கெளம்புறேன்."

அந்த ஊருக்குத் திரும்பவும் போவதா என்று தவசி நினைத்தார். இருந்துக்கோ என்று சொன்னால் எங்கே இருப்பது என்று கேட்பாள். அந்த அறை என்று சொன்னால் ஈஸ்வரி முகத்தை எப்படிப் பார்ப்பது? ஒன்றரை வருஷம் மாமியாருக்கு மலம் மூத்திரம் எடுத்தவள் அவள்.

"ஒனக்கு எது தோதோ அதச் செய்யி ஆத்தா," என்றார்.

"அம்புட்டுத்தானா?"

அவர் துருசை அள்ளினார். அவள் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் வினோத்குமார் போன் செய்தான். தோட்டத்தில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும். காற்றில் பாதிப் பேச்சு பறந்ததால் தவசி சத்தம் போட்டுப் பேசினார்.

"அப்பு, அந்தப் புது மீன் சாகப்போகுதுப்பா. வாலெல்லாம் கிழிஞ்சு போச்சு. எர திங்க விட மாட்டேங்குறா பெரியவ."

"பழகிரும்னு நெனச்சேன்ப்பா. அவளுக்கு அது அவ எடம். கல்லுகள எல்லாம் எடம் மாத்தி வச்சுட்டோம்னா எது தன் எடம்னு அவளுக்கே கொழம்பிரும். அப்புறம் எல்லாருமே புதுசுதான். நான் வியாழக்கெழம வந்து மாத்துறேன். நீங்க கைய விட்டுறாதீங்க, என்னா?"

"நான் எதுக்கு விடப்போறேன்."

சொல்லிவிட்டு அறைக்கு வந்தால் அங்கே புதுசு ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் வேகமாக அடித்துக்கொண்டது. பெரியவள் மேலே நின்று இறங்கி இறங்கிக் குத்தினாள். தவசியால் பார்க்கச் சகிக்கவில்லை. "ஏய், விடுடி! அதுவும் பொழைக்க வந்ததுதான்," என்று கண்ணாடியைத் தட்டினார். அவள் மசியவில்லை. வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. தவசி பின்வாசலுக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றி, தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். காலையிலிருந்து துருசுத் தூசியைத் துடைத்த துண்டு அது. சட்டையை மடித்து, இரண்டு கையையும் முழங்கைக்கு மேல்வரை தொட்டிக்குள் விட்டார்.

பெரியவள் அவர் விரலையும் கடித்தாள். "கடி, நல்லாக் கடி," என்று சொல்லிக்கொண்டே கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். வரப்புக்குக் கல் எடுத்து வைத்த கை அது. இடப்பக்கக் கல் வலப்பக்கம் போனது, அடியில் இருந்தது மேலே ஏறியது. சாமந்தி ஒட்டிய கல்லைத் தாங்கலாகத் தூக்கி மூலைக்கு நகர்த்தினார். தண்ணீர் கலங்கித் தெளிந்தபோது பெரியவள் நடுத்தொட்டியில் திக்குத் தெரியாமல் நின்றாள். புதுசு மெல்ல எழுந்து அவள் பக்கமாகவே நீந்திப் போனது. அவள் சும்மா இருந்தாள். தவசிக்கு வாயெல்லாம் பல்.

சாயந்திரம் சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். நெஞ்சு கரித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் ரோஜா வீட்டைக் கழுவித் துடைத்தாள். போகிறவள் சுத்தம் செய்துவிட்டுப் போகிறாள் என்று தவசி நினைத்துக்கொண்டார். தொட்டி அறையையும் பினாயில் போட்டுத் துடைத்தாள். ஈஸ்வரி வாசலில் நின்று பார்த்தாள்.

"அந்த ரூம நான் தொடைச்சுக்குவேன் மதினி."

"இருக்கட்டும். நான் பொறந்த ரூமுதான," என்றாள் ரோஜா. "இந்தத் தொட்டி மட்டும் இல்லைன்னா ஒரு மிஷினப் போட்டு என் கஞ்சிய நான் குடிச்சுக்குவேன். ஒரு மீனுக்கு இருக்குற எடம் எனக்கு இல்ல."

பதினொரு மணிக்குக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் பொத்துப் பொத்தென்று மணலில் விழுந்தன. கற்களுக்கு நடுவில் ஓடித்திரிந்த சிவப்பு இறால் மல்லாந்து கிடந்தது. சாமந்தி தன் விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, அழுகின ஏலக்காய்க் கொத்து மாதிரிச் சுருங்கிப்போனது. மீன் மூன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஈஸ்வரி போனில் படம் எடுத்து அனுப்பினாள். டவர் இல்லாததால் வினோத்குமாருக்குச் சாயந்திரம்தான் போய்ச் சேர்ந்தது. "நத்தையும் எறாவும் மட்டும் செத்தா அது செம்பு. தண்ணியில எதுல இருந்தோ செம்பு எறங்கியிருக்கு. யாரு என்ன ஊத்துனா?" என்று கேட்டு எழுதியிருந்தான். ஈஸ்வரி அதைச் சத்தமாகப் படித்தாள்.

தவசி தன் நகத்தைப் பார்த்தார். செடிக்கு மருந்தாகிற துருசில் இருப்பது செம்புதான். அதைத் தெரிந்துகொள்ள அவருக்குப் படிப்பு வேண்டியதில்லை. மருந்து கலக்கியதும் இரும்புக் கத்தியை அதில் முக்கிப் பார்ப்பது வழக்கம். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு பத்தவில்லை, செடி கருகிவிடும் என்று அர்த்தம். ஈஸ்வரி மாவு அரைக்கப் போன நேரம் பார்த்து, இடுப்பில் எப்போதும் இருக்கும் கவாத்துக் கத்தியை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினார். நாற்பது வருஷப் பழக்கம் வேறு என்ன செய்யச் சொல்லும்? கத்தி வெள்ளையாகவே இருந்தது. அப்பாடா, நானில்லை என்று ஒரு நிமிஷம் மனசு லேசானது. முந்நூறு லிட்டரில் கரைந்த தூசி கத்தியில் தெரியாது என்று அடுத்த நிமிஷமே புரிந்தும் விட்டது. அப்போது தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டு வெடுக்கென்று திரும்பினார். கத்தி நழுவி, கற்களுக்குப் பின்னால் போய் விழுந்தது. எடுக்க முடியவில்லை. அதற்குள் ஈஸ்வரி உள்ளே வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் வினோத்குமார் வந்தான். முழங்கால்வரை சேறு, காலில் அட்டை கடித்த ரத்தம். நேராகத் தொட்டிக்குத்தான் போனான். சாமந்தி கரைந்து நாறிவிட்டது. வலையில் அள்ளி வாளியில் போட்டான். அஞ்சு வருஷம் வளர்த்தது. ஈஸ்வரிதான் பேசினாள்.

"நேத்து இந்த ரூமத் தொடைச்சது யாரு? இந்தத் தொட்டி இல்லைன்னா நல்லாருக்கும்னு சொன்னது யாரு? என் காதால கேட்டேன்."

"பினாயில்ல செம்பு ஏது?" என்றான் வினோத்குமார்.

"எதையாச்சும் ஊத்தியிருப்பாக. பின்னாடி துருசு மூட்ட மூட்டையாத்தான கெடக்கு!"

ரோஜா கூடத்தில் நின்றாள். "நான் ஒண்ணும் ஊத்தல," என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொல்லும்போது ஈஸ்வரியைப் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. தவசியைப் பார்த்தாள்.

இப்போதே சொல்லிவிடலாம் என்று தவசி நினைத்தார். மகன் வளர்த்ததைக் கொன்றேன் என்று அவன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? கொஞ்சம் ஆறட்டும், சோறு தின்னட்டும், அப்புறம் சொல்லலாம் என்று எண்ணினார். பின்வாசலில் சோலி இருந்தது, போனார். அவர் திரும்பி வந்தபோது ரோஜா துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் ஏலக்காய் வாசம். ரோஜா குளித்துப் பொட்டு வைத்து, பத்து மணி பஸ்சுக்குத் தயாராகிவிட்டாள். தவசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொட்டலம் கட்ட உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்து மூட்டைக்குள் கையை விட்டார். எது ஒரு கிலோ என்று முதல் தடவையாகக் கைக்குத் தெரியவில்லை. அப்படியே எழுந்து, நீலக் கையோடு கூடத்துக்கு வந்தார்.

"ஈஸ்வரி. அத அழிச்சது நாந்தான் ஆத்தா. செவ்வாக்கெழம கைய விட்டேன். துருசுக் கை."

ஈஸ்வரி அவரைப் பார்த்தாள். நம்பாமல் தலையை ஆட்டினாள்.

"மக ஊருக்குப் போறான்னதும் பழிய நீங்க ஏத்துக்கிறீங்க மாமா. நேத்து அம்புட்டுப் பேசினேனே, அப்ப ஏன் சொல்லல?"

"கல்லெல்லாம் எடம் மாறி இருந்துச்சா இல்லையா?"

"அத யாரு வேணாலும் மாத்தலாம். நீங்க யாருக்காகவாச்சும் ஒரு வார்த்த சொல்ற ஆளா? இன்னிக்கு இவுகளுக்காகச் சொல்றீங்க."

ஒரு நாள் தாமதித்ததில் உண்மைக்கும் மதிப்பில்லாமல் போய்விட்டது. தவசிக்குக் கண் கலங்கியது. பிறகு நினைவு வந்து மகனைக் கூப்பிட்டார்.

"வினோத்து, அந்தக் கல்லுகளுக்குப் பின்னாடி கைய விட்டுப் பாருப்பா. எங் கவாத்துக் கத்தி கெடக்கும். செம்பு ஏறுதான்னு பாக்க முக்கினேன், விழுந்துருச்சு."

வினோத்குமார் துழாவி எடுத்தான். இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் கிடந்து செங்கல் நிறமாகத் துரு பூத்திருந்தது. கொம்புப் பிடியில் தவசி சூடு வைத்த 'த' மட்டும் அப்படியே இருந்தது. கடலுக்குள் கத்தியை முக்கி மருந்துப் பதம் பார்க்கிற மனுஷன் அந்த வீட்டில் ஒருவர்தான். ஈஸ்வரி கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"மீனு ஒண்ண ஒண்ணு கடிக்கிறதப் பாக்கப் பொறுக்காமக் கைய விட்டீங்க," என்றாள். "மூணு வாரமா நாங்க ரெண்டு பேரும் இந்த வீட்டுக்குள்ள ஒருத்திய ஒருத்தி கடிச்சுக்கிட்டுக் கெடக்கோம். எங்களப் பாக்க மட்டும் எப்பிடி மாமா பொறுத்துச்சு?"

தவசி அழுதுவிட்டார்.

ரோஜா பையின் காதைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "நீங்க கைய விட்டத நான் தாழ்வாரத்துலேர்ந்து பாத்தேன்ப்பா," என்றாள்.

"பாத்தியா? அப்ப நேத்து ஏந் தாயி சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்."

வினோத்குமார் தொண்டையைச் செருமினான். இந்தத் தண்ணீர் இனி ஆகாது, மொத்தமாக இறைத்துப் புதுத் தண்ணீர் மாற்றவேண்டும், இறைத்தால் தொட்டி லேசாகிவிடும் என்று பொதுவாகச் சொன்னான். அவனும் தவசி பெற்ற பிள்ளைதான், அதற்குமேல் சொல்லவில்லை. டியூப்பை எடுத்து ஒரு முனையைத் தண்ணீரில் விட்டான். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. ஈஸ்வரி வாளி எடுக்கப் போயிருந்ததால் ரோஜா பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் பிடித்தாள்.

வாளி வாளியாகக் கடல் தெருச் சாக்கடைக்குப் போனது. மூன்று மீன்களையும் பிடித்து, கடலுப்புக் கலக்கிய புதுத் தண்ணீர் டிரம்மில், சாமந்தி இருந்த வெறுங்கல்லோடு சேர்த்து விட்டார்கள். பெரியவள் அந்த மொட்டைக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒன்றுமில்லாத இடத்தைக் காவல் காத்துக்கொண்டு, கிட்ட வந்த வலையைக் கடித்தாள். மூன்று பேருமாகக் காலித் தொட்டியைக் கூடத்துச் சுவரோரம் நகர்த்தினார்கள். தவசியைத் தொட விடவில்லை.

அறையில் சன்னல் திறந்து கிடந்தது. ஒன்பதே முக்கால் ஆகியிருந்தது. ரோஜா நாற்காலியில் இருந்த பையைப் பார்த்தாள். ஈஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய், மிஷின்மேல் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

"மாமா," என்று அங்கிருந்தே கேட்டாள். "இத எங்க போடுறது?"

வினோத்குமார் டியூப்பைச் சுருட்டினான். ரோஜா தலை நிமிரவில்லை. தவசியின் கால் தன்னால் பின்வாசல் பக்கம் திரும்பியது. திரும்பிய காலை அவர் நிறுத்தினார்.

"நீங்கதான் சொல்லணும் மாமா," என்றாள் ஈஸ்வரி.

"சன்னலுக்கு நேராப் போடுங்க," என்றார் தவசி. "எம் மக இங்கதான் இருப்பா."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காரப் போனார். பை இருந்ததால் அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.